வருடம் போடாமல் எழுதிய ஆறு

எங்கள் ஊருக்கு ஆறு வந்தது ஒரு புதன்கிழமை காலையில். அதற்கு முந்தின நாள் மாலை ஐந்தரை மணிக்கு அதை எழுதி அனுப்பியவன் நான். இது இப்போது ஊரில் கைக்குழந்தை வரைக்கும் தெரிந்துவிட்டதால், மறைத்துப் பயனில்லை என்று நானே சொல்லிவிடுகிறேன்.

பெருங்கரட்டூர் அருப்புக்கோட்டைக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில், இரண்டு ஊர்க்காரர்களும் ‘அது எங்க பக்கம் இல்லை’ என்று சொல்லிவிடும் தூரத்தில் இருக்கிறது. மல்லியும் மிளகாயும் விளைகிற கரிசல் மண். குடிக்கிற தண்ணீர் குருவையாவின் டேங்கர் லாரியில் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், வராத நாளில் ஜனங்கள் லாரி வருகிற திக்கைப் பார்த்துக்கொண்டு பல் துலக்குவார்கள். அந்த ஊரின் பேருந்து நிலையத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், ‘சிகரம் வெளிநாட்டுக் கல்வி மையம்’ என்று பலகை மாட்டி, சுவரில் ஒரு உலகப் படமும் அதற்குக் கீழே ஒரு நாற்காலியும் போட்டு உட்கார்ந்திருந்தவன் சங்கரபாண்டியன் எம்.ஏ. ஆகிய நான்.

என் தொழில் கட்டுரை எழுதுவது. வெளிநாட்டில் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள், தாங்கள் யார், ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்று ஆயிரம் வார்த்தையில் ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும். அதை எழுதத் தெரியாமல்தான் பாதிப் பேர் விழுகிறார்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். எனக்குத் தெரியும் என்றும் சொல்வேன். நான் விழுந்த கதையைச் சொல்ல மாட்டேன். இளவயதில் ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு நானே எழுதிப் போட்டு ஐந்திலும் இல்லை என்றுவிட்டார்கள். அதில் ஒரு பேராசிரியர் மட்டும் தயவாக இரண்டு வரி எழுதியிருந்தார்: ‘தங்கள் கட்டுரையில் ஒரு மகத்தான மனிதரைச் சந்தித்தோம். தங்களைப் பற்றியும் ஏதாவது எழுதியிருக்கலாம்.’ அதைப் பாராட்டு என்று நினைத்து ஆறு வருடம் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தேன்.

எழுதுவதில் எனக்கு ஒரு முறை உண்டு. வறுமைக்கு ஒரு பத்தி, தெருவிளக்குக்கு ஒரு பத்தி, சின்ன வயதிலிருந்தே நெஞ்சில் எரிகிற ஆர்வத்துக்கு ஒரு பத்தி, பிறகு ஒரு சாவு. சாவு இல்லாத கட்டுரை உப்பில்லாத குழம்பு என்பது என் எண்ணம். அப்படி அந்த மாடியில் உட்கார்ந்து பதினோரு அப்பாக்களைக் கொன்றிருக்கிறேன். மூன்று பேருக்குப் பாம்பு, இரண்டு பேருக்கு இடி, மீதிப் பேருக்கு நெஞ்சுவலி. பிள்ளைக்கு இடம் கிடைத்ததும் அந்த அப்பாக்கள் பழமும் மிட்டாய்ப் பெட்டியும் வாங்கிக்கொண்டு மாடியேறி வந்து, “எல்லாம் உங்க எழுத்துதான் சார்” என்று என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். செத்தவர்களின் கை சூடாகத்தான் இருக்கும்.

கார்த்தீஸ்வரி வந்தது ஆவணி மாதம். லாரிக்கார குருவையாவின் ஒரே மகள், சிவில் படித்து முடித்தவள், நீர் மேலாண்மையில் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றாள். கையில் நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாள். அதில் தன் கதையைத் தானே எழுதியிருந்தாள். ஐந்தாம் வகுப்பில் அம்மா காய்ச்சலில் இறந்துபோனது, வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அப்பா அவளை லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனது, பத்து வயதில் எந்த வீட்டுக்கு எத்தனை குடம் என்று சொல்கிற பொறுப்பை அவளிடமே விட்டது, பிள்ளை பெற்ற வீட்டுக்கு இரண்டு குடம் கூடக் கொடுக்கச் சொன்னது, ஒருநாள் அவள் கணக்குத் தப்பி கடைசித் தெருவில் ஒரு வீட்டுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போனதும் அந்த வீட்டு அம்மாள் திட்டாமல் வெறும் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனதும். நான் அதை மின்விசிறிக் காற்றில் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினேன்.

“லாரிக் கதையெல்லாம் எடுபடாதும்மா. காய்ச்சல்ல சாகுறதும் எடுபடாது. எல்லார் வீட்லயும் நடக்குறது.”

“நடந்தது அதான் சார்.”

“நடந்ததை எழுதுறதுக்கு நான் எதுக்கு? நீ படிக்கப்போறது தண்ணி. அப்ப கட்டுரைல தண்ணி ஓடணும்ல? ஒரு ஆறு வைப்போம். தினமும் நீந்திப் பள்ளிக்கூடம் போனே. புத்தகப்பை தலைமேல. எப்படி இருக்கு?”

“நம்ம ஊர்ல ஏது சார் ஆறு?”

“அவங்க வந்து பாக்கவா போறாங்க?”

அவள் பேசாமல் இருந்தாள். படித்த பிள்ளைகள் என் முன்னால் பேசாமல் இருப்பதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

ஆற்றை எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக எதையும் எழுதியதில்லை. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் நாற்பதடி அகலத்தில், பாலம் இல்லாமல், பனிபோல் குளிர்ந்து, வெள்ளி மீன்கள் துள்ள, தண்ணீரின் மேல் சாய்ந்த ஒற்றைப் பனைமரத்தோடு அந்த ஆறு ஓடியது. கெடு முடிகிற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பார்த்தால் நாற்பது வார்த்தை குறைந்தது. அவளைக் கூப்பிட்டுக் கேட்க நேரமில்லை, எனக்குக் கேட்கத் தோன்றவும் இல்லை. ஆற்றை வைத்துவிட்டு ஆளை விடக்கூடாது என்று, ‘ஐப்பசி மழை பிடித்த ஒருநாளில், நான் நேசித்த அந்த ஆறே என் தந்தையைக் கொண்டுபோனது’ என்று முடித்தேன். உள்ளூர் வாசனை வேண்டுமென்று ஐப்பசி என்ற சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் அப்படியே போட்டேன். ஐந்தரை மணிக்கு அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, பன்னிரண்டாவது அப்பா என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

புதன்கிழமை காலை ஆறு வந்துவிட்டது.

முதலில் பார்த்தவர் பால்காரர். பள்ளிக்கூடத் தெருவுக்குத் திரும்பிய சைக்கிள் தண்ணீருக்குள் போய்விட்டது. அவர் எழுந்து, ஈரத்தைப் பிழிந்துவிட்டு, பால் கேனில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக்கொண்டு வேறு வழியாகப் போனார். ஏழு மணிக்குள் ஊரே கரையில் நின்றது. கூச்சலும் இல்லை, கும்பிடும் இல்லை. ஒரு அம்மாள் காலை நனைத்துப் பார்த்து, “யாத்தே, ஐஸ் தண்ணி” என்றாள். அடுத்தவள், “துவைக்க ஆகுமா?” என்று கேட்டாள். ஆகும் என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போய் மூன்று மாத அழுக்குத் துணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் இட்லிக்கடை கரைக்கு மாறியது, சாயங்காலத்துக்குள் அந்த இடம் தங்கள் முப்பாட்டனுடையது என்று நான்கு பேர் பத்திரத்தோடு வந்தார்கள்.

நான் கூட்டத்தின் பின்னால் நின்று, சாய்ந்த ஒற்றைப் பனையைப் பார்த்தேன். நான் எழுதிய அதே பனை, பயந்துபோனேன். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் அந்தப் பயத்துக்கு நடுவிலும், ‘எழுத்து என்றால் இதுவல்லவா எழுத்து’ என்று ஒரு பெருமை எழுந்தது. அந்தப் பெருமையில்தான் கடைசி வரியைக் கொஞ்ச நாள் மறந்தும் போனேன்.

ஆற்றின் குறைகளெல்லாம் என் குறைகள். அது எங்கே பிறக்கிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று நான் எழுதவில்லை, அதனால் அது ரேஷன் கடைக்குப் பின்னால் சும்மா தொடங்கி, செங்கல் சூளைக்கு அப்பால் சும்மா முடிந்தது. பொதுப்பணித்துறையிலிருந்து ஒரு பொறியாளர் வந்து தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மூன்று தடவை நடந்துவிட்டு, எந்த வடிநிலம் என்கிற கட்டத்தில் ‘விசாரணையில் உள்ளது’ என்று எழுதிக்கொண்டு, குளித்துவிட்டுப் போனார். மீனின் ருசியை எழுதவில்லை, அதனால் வெள்ளி மீன்கள் என்ன மசாலா போட்டாலும் ஒன்றும் இல்லாத ருசியாக இருந்தன. பனிபோல் என்று எழுதியதால் புரட்டாசி வெயிலில் ஊரே தும்மியது, ஜவுளிக்கடைக்காரர் திருப்பூரிலிருந்து குல்லாய் வரவழைத்து விற்றார். பாலம் இல்லை என்று எழுதியதால் எந்தப் பாலமும் நிற்கவில்லை. பனந்தடியைப் போட்டார்கள், உருண்டு போனது. கயிறு கட்டினார்கள், முடிச்சு தானே அவிழ்ந்தது. கடைசியில் பிள்ளைகள் புத்தகப்பையைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தியே பள்ளிக்கூடம் போனார்கள். உடற்பயிற்சி ஆசிரியருக்கு நீச்சல் தெரியாததால் அவர் இக்கரையிலேயே நின்று விசில் ஊதினார்.

பெயர் வைப்பதில்தான் சண்டை வந்தது. ஒவ்வொரு தெருவும் தன் சாமி பெயரைச் சொன்னது. பஞ்சாயத்துத் தலைவி ராமத்தாய், “ஊர்ல ரெண்டு ஆறா ஓடுது, பேர் சொல்லிக் கூப்பிட? ஆறுன்னா ஆறு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதன்பிறகு அது எப்போதும் இருந்த ஒன்றைப் போல ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் ‘ஆற்றங்கரை அருகில்’ என்று போட்டார்கள். இரண்டு மாதம்கூட ஆகாத அந்த ஆற்றைப் பற்றி, முன்னே மாதிரி இப்போது தண்ணீர் இல்லை என்று பேசிக்கொள்ளவும் தொடங்கினார்கள்.

குருவையாவுக்கு மட்டும் வேலை போய்விட்டது. நான் போய் வருத்தம் தெரிவித்தேன். அவர் லாரியை ஆற்றில் பாதி இறக்கி, யானையைக் குளிப்பாட்டுவது போலத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“வருத்தம் என்னத்துக்கு தம்பி? இருபத்தாறு வருசமா நான் தண்ணிய இழுத்துட்டு வந்தேன். இப்ப அதுவா வந்துருச்சு. உக்காந்து பாக்க வேண்டியதுதான்.”

பார்த்தார். காலையில் வந்து சாய்ந்த பனைக்குக் கீழே உட்கார்ந்தால் இருட்டுகிற வரைக்கும் பார்த்தார். ஆறும் அவர் உட்காருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி வந்து கால் பக்கத்தில் சுழித்துவிட்டுப் போனது. அதை எல்லோரும் அழகு என்றார்கள். எனக்கு அப்போதுதான் கடைசி வரி ஞாபகம் வந்தது.

வந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. என் கோழைத்தனத்துக்கு ஒரு காரணம் வைத்திருந்தேன்: எந்த ஐப்பசி என்று எழுதவில்லையே, போன வருடத்து ஐப்பசியாக இருக்கலாமே. நடைக்கு இடைஞ்சல் என்று வருடத்தைப் போடாமல் விட்டது நான்தான். போன வருடம் என்று இரண்டு சொல் போட்டிருந்தால் அந்த மனிதர் தப்பித்திருப்பார், வாக்கியம் கொஞ்சம் நொண்டியிருக்கும், அவ்வளவுதான்.

புரட்டாசி முடிய எட்டு நாள் இருக்கும்போது கார்த்தீஸ்வரி மாடியேறி வந்தாள். கையில் பல்கலைக்கழகத்தின் கடிதம். இடம் கிடைத்துவிட்டது, முழு உதவித்தொகையோடு. வருகிற ஆண்டு வந்து சேரலாம் என்று எழுதியிருந்தார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டப் போனேன். அவள் கடிதத்தை மேசையில் வைத்து, அதன் இரண்டாவது பத்தியில் விரலை வைத்தாள்.

“சார், ‘உங்கள் தந்தையின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல்’னு போட்டிருக்காங்க. எங்கப்பாவுக்கு என்ன ஆச்சு?”

நான் உலகப் படத்தைப் பார்த்தேன்.

“என்ன எழுதுனீங்க சார்?”

சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் அந்தத் தண்ணீரைப் போலக் குளிர்ந்துகொண்டே போனது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“அம்மா நிஜமாவே செத்ததை அடிச்சிட்டு, இருக்குற அப்பாவைச் சாகடிச்சிருக்கீங்க” என்றாள். “எந்திரிங்க. ஊர்ல வந்து சொல்லுங்க.”

பஞ்சாயத்து அலுவலக வாசலில் வேப்ப மர நிழலில் நின்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டேன். கல்லெறி விழும் என்று சட்டைப்பையிலிருந்த கண்ணாடியைக் கூட எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டேன். யாரும் எறியவில்லை. “நாப்பதடிக்கு எதுக்கு எழுதுனீங்க, ஒரு இருபதடிக்கு எழுதியிருந்தா எங்க கொட்டில் தப்பிச்சிருக்கும்ல” என்றார் ஒருவர். “இன்னொரு கட்டுரைல ஒரு ஆஸ்பத்திரி எழுதுங்களேன்” என்றாள் ஒருத்தி. “எங்க அண்ணன் மகளுக்கு ஒரு மாப்பிள்ளை” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எழுதிப் பார்க்கச் சொல்லி அங்கேயே தாளும் கொடுத்தார்கள், எழுதினேன், ஒரு கொசுகூட வரவில்லை. ஏன் அது மட்டும் வந்தது, இது வரவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு கடைசி வரியைச் சொன்னேன். வேப்ப மரத்தில் காக்கை கத்துவது கேட்டது.

கட்டுரையைத் திருத்தச் சொல்லி கார்த்தீஸ்வரி பல்கலைக்கழகத்துக்கு உடனே எழுதினாள். பதில் மறுநாளே வந்தது: சமர்ப்பித்த விண்ணப்பத்தில் எதையும் திருத்த இயலாது, விண்ணப்பதாரர் விரும்பினால் விண்ணப்பத்தை முழுவதுமாக விலக்கிக்கொள்ளலாம், விலக்கினால் இடமும் உதவித்தொகையும் ரத்தாகும். ராமத்தாய் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அப்ப எழுத்தை எடுத்தா ஆறும் போயிரும்” என்றார். எல்லோருடைய கண்ணும் ஒருதரம் ஆற்றுப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

முதலில் குருவையாவை ஆற்றிடமிருந்து தூரமாக அனுப்பிப் பார்ப்பது என்று முடிவானது. திருப்பூரில் அவர் தங்கை இருக்கிறாள். துணைக்குப் போகிற தண்டனை எனக்கு. பேருந்தில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். விருதுநகர் தாண்டும்போது என்னை இடித்து, “தம்பி, கீழ பாருங்க” என்றார். சாலையின் ஓரத்தில், சுண்டுவிரல் தடிமனில் ஒரு நீர்க்கோடு, பேருந்துக்குச் சமமாக ஓடி வந்துகொண்டிருந்தது. மதுரையில் வண்டி நின்றபோது அது டயர் பக்கத்தில் நின்றது. கிளீனர் ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று நினைத்து அடியில் படுத்துத் தேடினார். திருப்பூரில் தங்கை வீட்டு வாசல்படி வரைக்கும் வந்து, கோலத்தை அழிக்காமல் ஒதுங்கி நின்றது.

“ஏண்ணே, யாரைக் கூட்டிட்டு வந்துருக்கே?” என்று கேட்டாள் தங்கை.

“ஊர்லருந்து வந்துருக்கு. பாவம், எம்புட்டு தூரம்” என்றார் குருவையா.

மறுநாள் அது இரண்டு விரல் தடிமன். மூன்றாம் நாள் ஒரு சாண். கட்டிலுக்குக் கீழே வந்து அவர் கழற்றிவிட்ட செருப்பை மெதுவாக நகர்த்திப் பார்த்தது. நான் மேசைமேல் ஏறி நின்றுகொண்டேன். அவர் கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டு, ஈரத்தில் பாதத்தை வைத்து, “வா, போவோம். இவங்க வீட்டை நனைக்கக் கூடாது” என்றார். அந்த மனிதர் ஆற்றிடம் பேசிய குரலில் யாரும் என்னிடம் இதுவரை பேசியதில்லை.

திரும்பி வந்த அன்று காலையே ஊர் மறுபடியும் கூடியது. ஐப்பசிக்கு நான்கு நாள்தான். தெற்கே வானம் கறுத்திருந்தது. மளிகைக்கடைக்காரர் எழுந்து, “இல்ல, ஒருத்தருக்காக ஒரு ஊரே…” என்று தொடங்கி, முன்வரிசையில் கார்த்தீஸ்வரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பாதியில் விட்டதை மனசுக்குள் முடித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர் என்று குனிந்திருந்த தலைகளைப் பார்த்தாலே தெரிந்தது. குனிந்தவர்களில் நானும் ஒருவன். என் எழுத்தில் உயிரோடு வந்தது அது ஒன்றுதான், அது போய்விடுமே என்று அந்த நேரத்திலும் எனக்கு இருந்தது.

குருவையாதான் பேசினார். “ஆறு இருக்கட்டும்யா. எனக்கு ஐம்பத்திரெண்டு வயசாச்சு. பிள்ளைக்கும் இடம் கெடைச்சிருச்சு. எல்லாருக்கும் நல்லதுதானே.”

“எனக்கு நல்லது இல்லப்பா” என்றாள் கார்த்தீஸ்வரி. எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “நான் விண்ணப்பத்தை எடுத்துரப் போறேன். ஆறு போயிரும். உங்ககிட்ட அனுமதி கேக்கல. சொல்லாமப் போகக்கூடாதுன்னு சொல்றேன்.”

பிறகு வடக்குத் தெரு செல்லக்கனி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஊரில் அதிக தூரம் குடம் சுமந்தவள் அவள்தான், ஆறு வந்ததில் அதிகம் சந்தோஷப்பட்டவளும் அவள்தான். தினமும் இரண்டு வேளை குளித்து, அந்த ஒன்றரை மாதத்தில் நான்கு வயது குறைந்திருந்தாள்.

“எங்க தெருவுக்கு லாரி வராத நாள்ல அந்த ஆளு தன் வீட்டுக் குடத்தைத் தூக்கிட்டு வந்து ஊத்துனவரு” என்றாள். “இம்புட்டு நாள் தூக்குனோம், இன்னும் தூக்கிக்கிறோம். ஆனா கார்த்தி, மூணு நாள் குடு தாயி. வீட்ல இருக்குற பாத்திரத்தை எல்லாம் நெரப்பிக்கிறோம்.”

கார்த்தீஸ்வரி அப்போதுதான் அழுதாள்.

அந்த மூன்று நாளைப் போல ஒரு திருவிழாவை எங்கள் ஊர் கண்டதில்லை. குடம், தவலை, அண்டா, சிமெண்டுத் தொட்டி, கல்யாண மண்டபத்துச் சோற்றுக் கொப்பரை, கோயில் தெப்பக்குளம், பள்ளிக்கூடத்துப் பழைய தண்ணீர்த் தொட்டி, குழந்தைகளின் பால் பாட்டில், சலூன்காரரின் தெளிப்பான் வரைக்கும், மூடி உள்ளதும் மூடி இல்லாததும், ஒழுகாத எல்லாவற்றிலும் ஆற்றை மொண்டு ஊற்றினார்கள். குருவையா லாரியை ஓட்டி வந்து டேங்கரை நிரப்பினார், ஒவ்வொரு தடவையும் நிரம்பியதும் தெருத் தெருவாகப் போய் ஊற்றிவிட்டு வந்தார். ஆறு அவர் பின்னால் வாசல்வரை வந்து திரும்பியது. நானும் சுமந்தேன். ஒரு குடத்தைக் கையாலும், அடுத்ததை இடுப்பாலும், அதற்கடுத்ததைத் தரையோடு இழுத்தும் சுமந்தேன். ஆங்கிலத்தில் பத்து வார்த்தையில் ஒரு ஆற்றை நகர்த்துகிறவனுக்கு, தமிழில் ஒரு குடத்தை நகர்த்தப் பத்து நிமிஷம் ஆனது. செல்லக்கனி தாண்டிப் போகும்போது, “சார், பாதி ஆறு உங்க வேட்டிலயே போகுது” என்றாள்.

ஐப்பசி முதல் நாளைக்கு முந்தின காலை, ஊர் பார்த்துக்கொண்டிருக்க, என் மாடியில் என் கணினியில் கார்த்தீஸ்வரி விண்ணப்பத்தை விலக்கினாள். ‘உறுதியாகத்தானா?’ என்று அது கேட்டது. ஆம் என்றாள். மறுபடியும் கேட்டது. மறுபடியும் ஆம் என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். செங்கல் சூளைப் பக்கமிருந்து, பாயைச் சுருட்டுவது போல, ஆறு தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு வந்தது. குருவையா பனைக்குக் கீழே நின்றிருந்தார். அந்த இடத்தில் மட்டும் அது சற்று நின்று, அவர் கணுக்காலைச் சுற்றிவிட்டு, பிறகு பனையையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் பின்னால் போய் முடிந்தது. தரையில் ஈரம்கூட இல்லை. ஆனால் கையால் மொண்டு வைத்த தண்ணீர் போகவில்லை. தை மாதம் வரைக்கும் வீட்டுக்கு வீடு அது பனிபோல் குளிர்ந்து இருந்தது. மறுநாள் ஐப்பசி மழை பிடித்தது, எல்லோர் தலையிலும் பெய்தது, ஓய்ந்தது.

ஊர் என்னை அடிக்கவில்லை, துரத்தவும் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். பலகையில் இருந்த ‘சிகரம்’ என்பதை மட்டும் நானே அழித்துவிட்டேன். இப்போது விண்ணப்பப் படிவங்களில் பெயர், பிறந்த தேதி, கதவு எண் நிரப்பித் தருகிறேன். தேதி இருக்கும் இடத்தில் வருடத்தை இரண்டு தடவை சரிபார்க்கிறேன்.

கார்த்தீஸ்வரி அடுத்த ஆண்டு வேறொரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். இடம் கிடைத்தது, பாதி உதவித்தொகைதான், மீதிக்கு வங்கிக் கடன் எடுத்துக்கொண்டு போய்விட்டாள், இப்போது அங்கே குளிர் தாங்கவில்லை என்று அப்பாவிடம் தினமும் பேசுகிறாள். நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்று இதை முன்னாலேயே சொல்கிறேன். நான் சொல்ல வந்தது அவள் அந்த இரண்டாவது கட்டுரையை அனுப்பிய நாளைப் பற்றி.

நான்கு நாள் என் கணினியில் உட்கார்ந்து தானே தட்டினாள். நான் பக்கத்து அறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை மட்டும், “ஆங்கிலம் சரியா இருக்கான்னு வேணா பாக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“வேணாம் சார். தப்பு இருந்தா என் தப்பாவே இருக்கட்டும்.”

நான்காம் நாள் பதினோரு மணிக்குப் பொத்தானை அழுத்தினாள். நான் பேனாவைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். கீழே பேருந்து நிலையம் இருந்தது. லாரி நின்றிருந்தது. குருவையா குழாயைப் பிடித்துக்கொண்டு யாரையோ வரிசையில் வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். ரேஷன் கடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். கரிசல் காட்டில் ஆடு மேய்ந்தது.

“என்ன சார் தேடுறீங்க?”

“ஒண்ணுமில்ல. எதுவும் வந்துருக்கான்னு.”

“வராது சார். நடந்ததைத்தான் எழுதியிருக்கேன்.” கணினியை அணைத்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டாள். படியிறங்கும்போது நின்று, “உங்களைப் பத்தியும் ரெண்டு வரி இருக்கு” என்றாள்.

“நல்லாவா எழுதியிருக்கே?”

அவள் சிரித்துவிட்டு இறங்கினாள். செருப்புச் சத்தம் கீழே போய் லாரிச் சத்தத்தோடு கலந்துவிட்டது.

நான் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சுவர்க் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். முன்பக்கம் பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன், பல்லைக் காட்டிப் பார்த்தேன். சாயங்காலம் இன்னொரு தடவை பார்த்தேன், மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பார்த்தேன். ஒரு மயிர்கூட மாறியிருக்கவில்லை. அப்படியே நான்தான். அதிலிருந்துதான், என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது.